பாட்டை நீட்டியவர்கள்

1805 ஜூன் மாதம் லண்டனில் ஜான் ஹாரிஸ் என்ற பதிப்பாளர் குழந்தைகளுக்கான சிறு படப்புத்தகம் ஒன்றை வெளியிட்டார். ஓல்ட் மதர் ஹப்பர்ட் என்ற கிழவியும் அவளுடைய நாயும் அதன் நாயக நாயகியர். பசித்த நாய்க்கு ஓர் எலும்பு எடுத்துக் கொடுக்கலாம் என்று கிழவி அலமாரியைத் திறக்கிறாள். அலமாரி காலி. ஆங்கிலவழி மழலையர் வகுப்பில் ‘ரைம்ஸ்’ படித்தவர்களில் சிலருக்கு இந்த இடம் வரை தெரிந்திருக்கும்.

புத்தகத்தில் பாட்டு அங்கே முடிவதில்லை. கிழவி ரொட்டி வாங்கப் போகிறாள். திரும்பினால் நாய் செத்துக் கிடக்கிறது. சவப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்தால் நாய் சிரித்துக்கொண்டிருக்கிறது. குடல்கறி வாங்கி வந்தால் நாய் சுங்கான் பிடிக்கிறது. பழம் வாங்கப் போனால் புல்லாங்குழல் ஊதுகிறது. இப்படியே பீர், ஒயின், சட்டை, தொப்பி, காலணி என்று கிழவி கடைகடையாக ஏறி இறங்குகிறாள். நாயோ தலைகீழாக நிற்கிறது, ஆட்டின் மேல் சவாரி செய்கிறது, செய்தித்தாள் படிக்கிறது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு பத்திக்கும் மேலே ஒரு செப்புத்தகட்டுச் சித்திரம். படிக்கத் தெரிந்த பெரியவர் பாட்டைச் சொல்லி முடிப்பதற்குள், படிக்கத் தெரியாத குழந்தை படத்தில் நாயைப் பார்த்துச் சிரித்துவிடும். அந்தப் புத்தகத்தின் முன்னால் குழந்தைதான் ஓரடி முன்னே இருக்கும்.

சில மாதங்களிலேயே பத்தாயிரம் படிகளுக்கு மேல் விற்றதாகப் பதிப்பாளர் அறிவித்தார். 1806இல் அதன் தொடர்ச்சியும் வெளிவந்தது. நூலுக்குள் ஆசிரியரின் அடையாளமாக இருந்தவை மூன்று எழுத்துகள் மட்டுமே: எஸ்.சி.எம்.

சாரா கேத்தரின் மார்ட்டின் (1768–1826) என்பது அவருடைய முழுப்பெயர். போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தின் ஆணையராக இருந்தவரின் மகள். கடற்படையில் பணியாற்றிய இளவரசர் வில்லியம், பின்னாளில் நான்காம் வில்லியம் மன்னரானவர், இளமையில் இவரைக் காதலித்தார். சாரா கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. வரலாற்றுக் குறிப்புகளில் இவர் நெடுங்காலம் இடம்பெற்றது ஓர் இளவரசரின் பழைய காதலியாகத்தான். நூல் உருவான இடம் டெவன் பகுதியில் கிட்லி என்ற மாளிகை. அதன் உரிமையாளர் ஜான் பொலெக்ஸ்ஃபென் பாஸ்டர்ட் நாடாளுமன்ற உறுப்பினர்; சாராவின் உடன்பிறந்தாள் ஒருவரைப் பின்னாளில் மணந்தவர். அவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது சாரா பேசிக்கொண்டே இருந்ததால், எரிச்சலில், போய் உன்னுடைய அசட்டுப் பாட்டு எதையாவது எழுது என்று விரட்டியதாக ஒரு கதை வழங்கிவருகிறது. நூலின் காணிக்கைப் பக்கம் அவருக்கே உரியதாகிறது: அவர் தூண்டுதலால், அவர் வீட்டில் இந்தச் சித்திரங்கள் உருவாயின என்று அது சொல்கிறது. விரட்டிய கதையையும் காணிக்கையையும் சேர்த்துப் படித்தால், நன்றி என்ற போர்வையில் ஒரு பதிலடி தெரிகிறது.

சாரா இந்தப் பாட்டை வெறும் கையோடு தொடங்கவில்லை. ‘மதர் ஹப்பர்ட்’ என்ற பெயர் 1591லேயே எட்மண்ட் ஸ்பென்சரின் நெடும்பாடல் ஒன்றின் தலைப்பில் இருக்கிறது. தொடக்கப் பத்திகள் முன்பே வாய்மொழியாக வழங்கியவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு கிழவியும் அவளுடைய பூனையும் வரும் டேம் ட்ராட் பாட்டும் அவருக்கு முன்னால் அச்சாகியிருந்தது. சாரா செய்தது பாட்டை நீட்டியது. இந்த நீட்டலைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அவள் இன்ன கடைக்குப் போனாள், இன்னது வாங்கினாள், திரும்பி வந்தால் நாய் இன்னது செய்தது. சட்டகம் ஒன்றே; உள்ளே வைக்கும் பொருள் மாறிக்கொண்டே போகும். இந்தச் சட்டகம் கிடைத்துவிட்டால் யாரும் இன்னொரு பத்தியைச் சேர்க்கலாம். அதே சமயம் எதைச் சேர்ப்பது என்பதில் சேர்ப்பவரின் உலகம் வந்துவிடுகிறது. சாராவின் பத்திகளில் வீட்டுக்குச் சாமான் வாங்கி அலுத்த ஒரு பெண்ணின் நடை இருக்கிறது. வெளியே போய் வருபவள் அவள். உள்ளே இருந்து அனுபவிப்பது நாய். துணி வாங்கப் போய்த் திரும்பும்போது நாய் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறது. நூற்பது பெண்ணுக்கென்று விதிக்கப்பட்ட வேலை என்பதால்தான் அந்தப் படத்துக்குச் சிரிப்பு வருகிறது. கடைசியில் கிழவி நாய்க்கு முழங்கால் மடக்கி வணக்கம் சொல்கிறாள். இத்தனை சேவகம் செய்தவள் சேவகத்தைப் பெற்றவனுக்கு வணங்கும் இந்தக் காட்சியைக் குழந்தை வேடிக்கையாகப் பார்க்கும். பக்கத்தில் இருந்து படித்துக் காட்டும் தாய்க்கும் செவிலிக்கும் அதில் வேறொன்றும் தெரிந்திருக்கும்.

தமிழ் மாணவிகளுக்கு இந்தச் சட்டகம் புதிதன்று. யார் அடித்து அழுகிறாய் என்று பிள்ளையைக் கேட்டு, அத்தையையும் மாமனையும் பாட்டியையும் ஒவ்வொருவராக அழைத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூச்செண்டைக் கொடுக்கும் தாலாட்டை நினைத்துப் பாருங்கள். எத்தனை உறவுகள் உண்டோ அத்தனை அடிகள் நீளும். மாமனுக்கு மல்லிகை என்றும் அத்தைக்கு அரளி என்றும் சில வடிவங்களில் வருகிறது. அது எதுகை மோனைக்காக மட்டும் வந்ததா? பிறந்த வீட்டு உறவுக்கு மணமுள்ள பூவும் நாத்தனாருக்கு நஞ்சுள்ள பூவும் கொடுப்பதில் பாடுகிறவளின் மனம் இல்லையா? தூளியை ஆட்டும் கையும் சட்டகத்தை நிரப்பும் வாயும் ஒருத்தியுடையவை. ஆனால் தாலாட்டு அச்சுக்கு வரும்போது ‘நாட்டுப்புறப் பாடல்’ ஆகிவிடுகிறது. தொகுத்தவர் பெயர் அட்டையில் நிற்க, பாடியவள் பெரும்பாலும் ஓர் ஊரின் பெயராகவோ வயதாகவோ சுருங்கிவிடுகிறாள்.

ஆங்கிலக் குழந்தைப் பாட்டு அச்சேறிய வரலாற்றின் தொடக்கத்திலேயே பெண்கள் இருந்தார்கள். ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய குழந்தைப் பாட்டுத் தொகுப்புகளில் முதன்மையானது 1744இல் வந்த டாமி தம்பின் பாட்டுப் புத்தகம். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் படப்புத்தகத்தில்தான் கறுப்பு ஆட்டிடம் கம்பளி கேட்கும் பாட்டு இருக்கிறது. நம் மழலையர் வகுப்புகளில் இன்றும் பாடப்படுவது. அதை வெளியிட்டவர் மேரி கூப்பர். கணவர் இறந்தபின் லண்டனில் பதிப்புத் தொழிலைத் தாமே நடத்திய பெண். மதர் ஹப்பர்டை வெளியிட்ட ஜான் ஹாரிஸின் கடையும் அவருக்கு எலிசபெத் நியூபெரியிடமிருந்து வந்ததுதான். எலிசபெத் 1780இல் கணவர் இறந்தபின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தக் கடையை நடத்தியவர். ஹாரிஸ் அவரிடம் மேலாளராக இருந்தவர்.

பெண்கள் பாடினார்கள், எழுதினார்கள், படம் வரைந்தார்கள், விற்றார்கள். அட்டையில் மட்டும் இல்லாத ஒரு பெண்ணின் பெயர் வந்து உட்கார்ந்தது: மதர் கூஸ், வாத்து அம்மா. 1697இல் பிரான்சில் ஷார்ல் பெரோவின் கதைத்தொகுப்போடு புகழ்பெற்ற பெயர் அது. 1780 வாக்கில் ஆங்கிலத்தில் குழந்தைப் பாட்டுத் தொகுப்பின் தலைப்பானது. இல்லாத தாய்க்குப் பெயர் இருந்தது. இருந்த பெண்களுக்குத் தலைப்பெழுத்துகள்கூட அரிதாகவே கிடைத்தன.

நம்மிடம் இது வேறு விதமாக நடந்தது. பிள்ளைத்தமிழில் தால் என்பது தாலாட்டு, சப்பாணி என்பது கைகொட்டும் விளையாட்டு, அம்புலி என்பது நிலவை விளையாட அழைப்பது. மூன்றுமே வீட்டுக்குள் பெண்கள் பிள்ளைகளோடு ஆடியவை. பெரியாழ்வார் யசோதையாக நின்று பாடினார். ஒட்டக்கூத்தரும் குமரகுருபரரும் தாயின் குரலைப் பேரிலக்கியமாக்கினார்கள். அந்தப் பாடல்களின் அழகில் எனக்கு ஐயமில்லை. வகுப்பில் விரும்பி நடத்துபவள்தான். ஆனால் அங்கே பெயர் ஆணுடையது, குரல் பெண்ணுடையது. லண்டனில் பெண்ணின் பெயர் கற்பனை, உழைப்பு உண்மை. இரண்டு ஏற்பாடுகளிலும் நிஜமான பெண் ஏட்டுக்கு வெளியேதான் நிற்கிறாள்.

நட்சத்திரத்தைப் பார்த்து வியக்கும் அந்தப் பாட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போகும் முன்பே பல பிள்ளைகள் பாடிவிடும் பாட்டு. எழுதியவர் ஜேன் டெய்லர் (1783–1824). அவரும் அக்கா ஆனும் செதுக்கோவியரான தந்தையின் பட்டறையில் வேலை செய்துகொண்டே எழுதியவர்கள். அவர்களுடைய பாக்களைப் பார்த்த பதிப்பாளர் 1803இல் மேலும் கேட்டுக் கடிதம் எழுதியபோது அதைத் தந்தைக்குத்தான் எழுதினார். அவர் குடும்பத்தாரில் சிலர் அனுப்பிய பாக்கள் என்று குறிப்பிட்டார். ‘நட்சத்திரம்’ 1806இல் சகோதரிகளின் மழலைப் பாட்டு நூலில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. மொத்தம் ஐந்து பத்திகள். இருட்டில் நடக்கும் வழிப்போக்கன் ஒருவன் அந்தச் சிறு ஒளிக்கு நன்றி சொல்வது பின்பத்திகளில் வருகிறது. திரைச்சீலை வழியே எட்டிப் பார்க்கும் விண்மீனும், நீ யாரென்று தெரியாவிட்டாலும் ஒளிவிடு என்ற முடிவும் அங்கேதான் இருக்கின்றன. பாட்டின் நெஞ்சு முழுதும் அங்கே இருக்க, வழக்கில் நின்றது முதல் பத்தி. 1865இல் லூயிஸ் கரோல் ஆலிஸ் கதையில் இந்தப் பாட்டைக் கேலி செய்து ஒரு வௌவால் பாட்டு எழுதினார். கேலி செய்தவரின் பெயர் உலகுக்கே தெரியும்.

மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டுக்கு நேர்ந்தது இன்னொரு விதம். சாரா ஜோசஃபா ஹேல் 1822இல் கணவரை இழந்தார். ஐந்து பிள்ளைகள். எழுதிப் பிழைத்தார், பிறகு அமெரிக்காவின் புகழ்பெற்ற பெண்கள் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராகவும் நீண்டகாலம் இருந்தார். 1830இல் பாஸ்டனில் அவர் பெயரிலேயே வந்த குழந்தைக் கவிதை நூலில் அந்தப் பாட்டு இருக்கிறது. 1877இல் எடிசன் தம் ஒலிப்பதிவுக் கருவியைச் சோதிக்கச் சொன்னதும் இதைத்தான். இவ்வளவு தெளிவாகப் பெயர் போட்டு வந்த பாட்டுக்கும் ஒரு போட்டியாளர் முளைத்தார். மேரி என்ற சிறுமிக்கு ஜான் ரவுல்ஸ்டன் என்ற இளைஞர் எழுதிக் கொடுத்ததே முதல் பகுதி, ஹேல் பின்னால் நீட்டியவர்தான் என்ற கூற்று பரவியது. 1920களில் கார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு அந்தக் கூற்றுக்கு ஆதரவாக நின்று, மேரியின் பள்ளி என்று சொல்லப்பட்ட கட்டடத்தின் மரங்களைக் கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தையே நிறுத்தினார். ஹேல் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

மூன்று பெண்களின் கதையிலும் ‘நீட்டல்’ என்ற சொல் எப்படி வேலை செய்கிறது பாருங்கள். மார்ட்டின் நீட்டியதால் அவர் ஆசிரியர்தானா என்று ஐயம். டெய்லர் எழுதிய நீளத்தை வெட்டியபின் மிஞ்சியது யாருடையதும் இல்லாத பாட்டு. ஹேலின் உரிமையைக் குறைக்க வேண்டியபோது அவரை நீட்டியவராக மாற்றினாலே போதுமாயிருந்தது. சிறியதைத் தொடங்குவது படைப்பு, அதை வளர்ப்பது வெறும் வேலை என்ற மதிப்பீடு இதற்குள் இருக்கிறது. பிள்ளை வளர்ப்புக்கும் நம் சமூகம் இதே கணக்கைத்தான் போடுகிறது.

படம் வரைந்த பெண்களுக்குச் சற்று முன்னதாக வழி திறந்தது. கேட் கிரீனவே 1881இல் மதர் கூஸ் பாடல்களுக்கு வரைந்தபோது வாசகர்கள் அவர் பெயரைத் தேடி வாங்கினார்கள். பாட்டுகளின் வரலாற்றைத் துருவியவர்களிலும் ஒரு பெண் முன் நிற்கிறார். அயோனா ஓபி 1944இல் கருவுற்றிருந்தபோது பொறிவண்டைப் பார்த்துச் சொல்லும் ஒரு பாட்டு நினைவுக்கு வர, இது எங்கிருந்து வந்தது என்று அவரும் கணவர் பீட்டரும் தேடத் தொடங்கினார்கள். இருவரும் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அல்லர். 1951இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அவர்களின் குழந்தைப் பாட்டு அகராதி ஒவ்வொரு பாட்டுக்கும் அச்சு வரலாற்றைக் கொடுத்தது. ‘யாரோ பாடியது’ என்று விட்ட பல பாட்டுகளுக்கு ஆண்டும் பெயரும் கிடைத்தன.

தமிழில் அந்த வேலை இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது. களப்பணிக்குப் போகும் மாணவிகள் தாலாட்டையோ நிலாப் பாட்டையோ பதியும்போது, பாடியவர் அனுமதித்தால் அவருடைய முழுப்பெயரை முதலில் எழுதுங்கள். பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதோடு அவர் எதை எங்கே சேர்த்தார் என்றும் கேளுங்கள். எந்த உறவுக்கு எந்தப் பூ, ஏன் அந்தப் பூ என்று கேளுங்கள். பிள்ளைக்குப் படப்புத்தகத்தைக் காட்டும் தாய், அச்சில் இல்லாத ஒரு வரியை நாய்க்கோ நிலவுக்கோ சேர்த்துச் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மழலையர் வகுப்பில் பாடம் நடத்தும் தோழிகள் நட்சத்திரப் பாட்டின் மீதி நான்கு பத்திகளையும் ஒருநாள் படித்துக் காட்டலாம். பிள்ளைகளுக்கு நீளம் ஒரு தடை இல்லை; இன்னொரு முறை என்று கேட்பவர்கள் அவர்கள். படித்து முடித்ததும் எழுதியவர் ஜேன் டெய்லர் என்றும் சொல்லிவிடுங்கள்.