தண்டும் தமிழரும்

பெங்களூர் அல்சூர்த் தமிழரைப் பிழைப்புத் தேடித் தாமாக வந்தோர் என நாம் எளிதாய் எண்ணிவிடுகிறோம். அவர்களை முதலில் அழைத்துவந்தது ஒரு பேரரசின் தேவை.

மிளகும் துணியும் நாடி வந்த ஆங்கிலக் கம்பெனி, வாணிகத்தைக் காக்கப் படை வைத்தது. படைச் செலவுக்கு நிலவரி வேண்டி நாடு பிடித்தது. 1791-இல் காரன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றினார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய படையையோ காய்ச்சல் வாட்டியது. ஆகவே 1809-இல் அல்சூரை அடுத்த மேட்டு நிலத்தில் பாசறை எழுந்தது.

படை தனியே வருமா? சென்னைச் சேனையின் பின்னே தமிழ் மாவட்டங்களிலிருந்து சிப்பாய்கள், தானிய வணிகர், கொத்தர், சலவையாளர், சமையற்காரர் என ஓர் ஊரே பெயர்ந்து வந்தது. 1864-இல் இருப்புப்பாதை வந்தது, வரவு பெருகிற்று. 1873-இல் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் இங்கு ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி நிறுவினார்.

மேற்கே பேட்டையில் கன்னடம், கிழக்கே பாசறையில் தமிழ் என நகரம் இரண்டாயிற்று. இப்பிளவை மொழியின் குற்றமெனக் கூறுவாருடன் நாம் உடன்படோம். 1881-இல் மைசூர் அரசை மன்னரிடம் திருப்பித் தந்தபோதும் பாசறைப் பகுதியை ஆங்கிலேயர் விடவில்லை. 1947-இல்தான் அது மைசூருடன் சேர்ந்தது. 1949-இல் இரு நகரங்களும் ஒரே மாநகராட்சியாயின.

கன்னடர் அப்பகுதியைத் 'தண்டு' என்பர். படையைக் குறிக்கும் அச்சொல் தமிழிலும் உண்டு.