பிறவாமை வேண்டிய காடு

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புகைவண்டிப் பாதையில் திருவாலங்காடு என்றொரு நிலையம் உண்டு. ஊர் சிறிது, அதற்குரிய புராணமோ பெரிது! ஆடவல்லானுக்கும் காளிக்கும் ஆடற்போட்டி நடந்தது இங்கேதான் என்பர் புராணீகர். ஆட்டத்துக்கு ஆட்டம் ஈடுகொடுத்து ஆடிய காளி, அவன் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கியதும் நாணித் தலைகுனிந்தாளாம், தோற்றாளாம். கலையில் தோற்கவில்லை, திறமையில் தோற்கவில்லை, பெண்ணாக இருந்ததால் தோற்றாள்! அந்த வெற்றியின் நினைவாக விளங்கும் இரத்தினசபையை, ஐம்பெரும் அம்பலங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றுகிறது சைவ உலகம்.

அந்த ஆட்டத்தைக் காண வந்து அங்கேயே தங்கிவிட்டவர் காரைக்கால் அம்மையார். கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் விரித்துரைத்தவர் சேக்கிழார். புனிதவதி என்னும் வணிகர் குலப் பெண்; கணவன் பரமதத்தன். மாங்கனியால் விளைந்த அற்புதத்தைக் கண்டு மிரண்ட கணவன், சொல்லாமல் கொள்ளாமல் கலமேறிப் போய்ப் பாண்டி நாட்டிலே வேறொருத்தியை மணந்து, பெற்ற மகளுக்குப் புனிதவதி என்றே பெயரும் சூட்டினான். தேடிவந்த மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்து, இவள் மானுடப் பெண்ணல்லள், தெய்வம் என்றான். அம்மையார் என் செய்வார்? எந்தக் கணவனுக்காகச் சுமந்தாரோ அந்த உடலின் தசையை உதறிவிட்டுப் பேயுருக் கொண்டார். பின்னர் இறைவனிடம் அவர் கேட்டவற்றுள் ஒன்று, மீண்டும் பிறவாதிருக்கும் வரம்.

பக்தர்கள் இதைப் பக்தி என்பர். நாம் வேறொன்றையும் காண்கிறோம். கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு அன்றைய சமுதாயம் திறந்து வைத்திருந்த வாயில் ஒன்றே ஒன்றுதான். அது சுடுகாட்டுக்குச் செல்லும் வாயில்.

அருகிலே பழையனூர். அங்கும் ஒரு பேய். அங்கும் ஒரு பெண்! கணவனால் கொல்லப்பட்டு, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, நீதி கேட்டு வந்த நீலி. அவள் பேச்சை நம்பிப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்தனர் என்று பழையனூரார் பெருமை பேசுவர். சொல் தவறாத எழுபதின்மருக்குப் புகழ். கொலையுண்டவளுக்கோ "நீலிக் கண்ணீர்" என்ற பழி! வழக்கில் வாதியையே குற்றவாளியாக்கும் இந்த வித்தையை நம் மொழியே கற்றுக்கொண்டுவிட்டது.

அந்த நீலியைச் சமணர் விட்டுவைக்கவில்லை. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசியிலே, அரசிக்கு மகவு பிறந்ததற்காகக் காளிக்கு உயிர்ப்பலியிட வந்தவர்களைத் தடுக்கிறார் சமண முனிவர் ஒருவர். அவரை அச்சுறுத்தப் பழையனூரிலிருந்து வந்த நீலி, அவர் அறவுரை கேட்டு மனம் மாறி, ஊர் ஊராகச் சென்று பௌத்தரோடும் ஆசீவகரோடும் வேதவாதியரோடும் வாதிட்டு வெல்கிறாள். பேயாகத் திரிந்தவள் தருக்கவாதியானாள்! தொண்டை நாட்டு மண்ணிலே ஒரு பெண்ணுக்கு வாதத்திறம் வழங்கிய அந்தப் பெயரறியாப் புலவனுக்கு நம் வணக்கம் உரியது.

சைவம், சமணம், பௌத்தம் மூன்றும் எத்தனையோ வகையில் மோதிக்கொண்டன. எனினும் ஒன்றில் உடன்பட்டன. பிறப்பே துன்பம், பிறவி அறுவதே பேறு. வியப்பு என்னவென்றால், பிறப்பு இழிவு என்று மடத்திலே ஓதிய அதே நாட்டில், மனுநீதி வீட்டுக்குள்ளே வேறு பாடம் நடத்தியது. பிள்ளை பெறவே பெண் படைக்கப்பட்டாள். புத் என்னும் நரகத்திலிருந்து தந்தையைக் கரையேற்ற மகன் வேண்டும்! ஆணுக்குப் பிறவாமை, பெண்ணுக்கு ஓயாத பேறுகாலம். துறப்பதற்கு அவனுக்கு உரிமை. மறுப்பதற்கு அவளுக்கு உரிமை இல்லை.

பிற நாடுகளிலும் இத்தகைய இயக்கங்கள் தோன்றாமலில்லை. தென் பிரான்சின் காதர்கள், பூதவுடல் தீய சக்தியின் படைப்பு என்றும், உயிரை உடலில் சிறைப்படுத்தும் மகப்பேறு தீது என்றும் கருதினர். 1209இல் போப்பாண்டவர் மூன்றாம் இன்னசென்ட்டின் சிலுவைப்படை அவர்கள்மீது பாய்ந்தது. 1774இல் ஆன் லீ அம்மையாரோடு அமெரிக்கா சென்ற ஷேக்கர்கள் மணவாழ்வையே விலக்கினர். அழகிய நாற்காலிகளைச் செய்து வைத்துவிட்டு, கைவிரலில் எண்ணத்தக்க அளவுக்குக் குறைந்தனர். 1992இல் பாஸ்டன் நகரில் கருணைக்கொலைத் திருச்சபை என்னும் பெயரிலேயே ஒரு கூட்டம் கிளம்பியது. பிள்ளை பெறாதே என்பது அதன் ஒரே கட்டளை. பூமியைக் காக்கும் வழி அதுவே என்றது. உலகத்தை அதிரவைக்கும் நையாண்டி என்று சிலர் அதை இரசித்தனர். உயிரை மாய்த்துக்கொள்வதையும் அறமாக்கிப் பேசிய அந்தக் கேலியில் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மதவாசனை இன்றி இதை ஆராய்ந்தவர்கள் யார்? 1877இல் இலண்டனில் கருத்தடை நூலொன்றை வெளியிட்டதற்காகப் பிராட்லாவும் அன்னி பெசன்ட்டும் வழக்கு மன்றத்தில் நின்றனர். அவர்களின் நாத்திகக் கருத்துகளைச் சென்னையிலே பரப்பிற்று இலௌகிக சங்கம். 1882 முதல் 1888 வரை "தத்துவவிவேசினி" ஏட்டைத் தமிழில் நடத்திற்று. பெசன்ட் அம்மையாரோ பிரம்மஞானத்தில் புகுந்ததும், 1891இல், மக்கட்பெருக்கம் பற்றிய தம் நூலைத் தாமே விற்பனையிலிருந்து நீக்கினார். பிறகு அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார்! அறிவு வந்த வழியிலேயே திரும்பிப் போவதும் உண்டு போலும்.

1928 வாக்கில் சென்னையில் நீதிபதி வேப்பா இராமேசம் போன்ற பெரியோர் புதிய மால்தூசியச் சங்கம் கண்டனர். பஞ்சம், வறுமை, நாட்டின் செல்வம் என்பன அவர்களது கவலைகள். 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்த மார்கரெட் சாங்கரிடம் காந்தியார், கருவிகள் வேண்டா, பிரமசரியமே வழி என்றார். இருசாராரிடமிருந்தும் விலகித் தனித்து ஒலித்தது ஈரோட்டுக் குரல். 1930இல் குடி அரசில் கர்ப்பத்தடை பற்றி எழுதிய பெரியார், பிறர் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருள்நிலைக்காகவும் அதை ஆதரிக்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகவே ஆதரிக்கிறோம் என்று கோடு கிழித்துக் காட்டினார். பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்தினால்தான் என்ன என்று கேட்கவும் அவர் தயங்கவில்லை. உலகம் என்ன ஆகும் என்று பதறியவர்களைப் பார்த்து, உலகம் விருத்தியாகாவிட்டால் பெண்களுக்கு வரும் கேடென்ன என்று திருப்பிக் கேட்டார்.

இந்தக் கேள்வியையும் பாஸ்டன் கூட்டத்தின் கட்டளையையும் ஒரே தட்டில் வைப்போர் உளர். அது பிழை. அங்கே கட்டளை, இங்கே உரிமை. பெறாதே என்பது ஒன்று. பெறுவதும் பெறாததும் அவள் விருப்பம் என்பது முற்றிலும் வேறொன்று. பிள்ளை பெறு என்ற மனுவும், பெறாதே என்ற பாஸ்டன் சபையும், எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில் கை வைக்கின்றனர்: பெண்ணின் வயிற்றில்!

அரசாங்கமும் கை வைத்தது. 1952இல் குடும்பக்கட்டுப்பாட்டைத் திட்டமாக ஏற்ற இந்தியா, நெருக்கடிநிலையின்போது, 1976–77 என்ற ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அறுவை மேசையில் கிடத்திற்று. பலரை வற்புறுத்தியே கிடத்திற்று. பெருக்கத்துக்கு அஞ்சும் ஆட்சியின் கை முதலில் ஏழையின் உடம்பைத்தான் தேடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

சுற்றுச்சூழலின் பெயரால் இன்று எழும் கூக்குரலும் ஏழையையே சுட்டுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் கொசத்தலை ஆறு, பூண்டி ஏரியைக் கண்டு எண்ணூரில் கடலோடு கலக்கிறது. அதன் கழிமுகத்தைக் கெடுத்தது குப்பத்துத் தாய்மார் பெற்ற பிள்ளைகளா? 2009இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் மணலியைக் கடும் மாசுற்ற தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது, தொட்டில்களை எண்ணியன்று, புகைபோக்கிகளைப் பார்த்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க்கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது வலையும் படகும் கறுத்து நின்றவர் மீனவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்து வாழும் மக்களும் இக்கணக்கை அறிவர். ஆண்டொன்றுக்கு அமெரிக்கர் ஒருவரின் பங்காகச் சுமார் 14 டன் கரியமிலவாயு. இந்தியர் ஒருவரின் பங்கு ஏறத்தாழ 2 டன். எண்ணிக்கை ஒரு பொருட்டே அன்று என்று நாம் கூறவில்லை. நீருக்கும் நிலத்துக்கும் அளவுண்டு. ஆயினும் தலைகளை மட்டும் எண்ணிவிட்டுத் தட்டுகளை எண்ணாதவன் கணக்கன் அல்லன்.

தமிழ்நாடு எவர் கட்டளையுமின்றிப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தாலும் மருத்துவமனையாலும் பேறுகளைக் குறைத்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்கு இங்கே 1.8 மகவு, பீகாரில் 3.0. இந்த நற்செயலுக்குப் பரிசாக நாடாளுமன்ற இடங்கள் குறையுமோ என்ற அச்சம் வந்தது. 1976இல் 42ஆவது திருத்தமும், பின்னர் 84ஆவது திருத்தமும் 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் இடப்பங்கீட்டை நிறுத்திவைத்தன. பின்னதற்கு 2026 எல்லையாகக் குறிக்கப்பட்டது. அந்த அச்சத்தின் நிழலில்தான், 2024 அக்டோபரில் அறநிலையத்துறை நடத்திய திருமண விழாவொன்றில், பதினாறு பிள்ளைகள் பெறலாமோ என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் நகையாடினார். மாநிலத்தின் உரிமைக்காக அவர் கொண்ட கவலை நம் கவலையே. இடங்கள் குறையலாகாது என்று முழங்குவோம், வழக்காடுவோம். ஆனால் டில்லியின் கணக்குக்கு விடை எழுதும் பலகையாக நம் பெண்களின் உடலை, நகைச்சுவைக்காகவும், நீட்டலாகாது. மணமகளிடம் எத்தனை என்று கேட்பதற்கு முன், வேண்டுமா என்று கேட்டவர் ஈரோட்டார்.

அக்கேள்வியை ஆண்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. அதே ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் அந்த அறுவையைச் செய்துகொண்டதாகக் கணக்கில் வருவோர் நூற்றுக்கு 0.3.