அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் புவியின் காற்றும்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் கடற்படிவுப் பாறைகள், புவியின் காற்று இன்றைய கலவைக்கு எப்படி வந்தது என்பதை விளக்க உதவும் சான்றுகள். காவிரிப் படுகையைச் சேர்ந்த இவை பெரும்பாலும் கிரெட்டேசியக் காலத்தவை. அப்போது இப்பகுதி கடலாக இருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்டு 1860களில் இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். இங்குள்ள அம்மோனைட்டு, சிப்பி, நத்தைப் புதைபடிவங்களை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா விரிவாக விவரித்தார்.

கோள்களுக்குக் காற்று கிடைத்த வழி ஒன்றல்ல. வியாழனும் சனியும் உருவானபோதே சூரியனைச் சூழ்ந்திருந்த ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் வாரிக்கொண்டன. சிறிய பாறைக்கோள்களின் காற்றோ பெரும்பாலும் உள்ளிருந்து வந்தது: உருகிய பாறையும் எரிமலைகளும் நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன் ஆகியவற்றை வெளியேற்றின. விண்கற்களும் ஓரளவு கொண்டுவந்து சேர்த்தன. வந்ததைத் தக்கவைக்க ஈர்ப்பு வேண்டும். புவியிலிருந்து தப்ப நொடிக்கு 11.2 கி.மீ. வேகம் தேவை, செவ்வாயிலிருந்து தப்ப 5 கி.மீ. போதும். காந்தப்புலத்தையும் இழந்த செவ்வாயின் காற்று சிறுகச் சிறுக விண்வெளிக்குக் கசிந்தது. 2014-இல் அங்கு சென்ற மங்கள்யான் அதன் மேல்விளிம்பு வாயுக்களை அளந்தது.

வெள்ளியின் காற்றில் சுமார் 96 விழுக்காடு கரியமில வாயு; தரையில் அழுத்தம் புவியைப் போல 90 மடங்குக்கு மேல். புவியிடமும் ஏறக்குறைய அதே அளவு கரிமம் உண்டு. அதில் பெரும்பகுதி காற்றில் இல்லை, கல்லில் இருக்கிறது. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறையை அரிக்கிறது; ஆறுகள் கால்சியத்தைக் கடலுக்குச் சேர்க்கின்றன; கடலுயிர்கள் அதை ஓடாக்குகின்றன; ஓடுகள் படிந்து சுண்ணாம்புக்கல் ஆகின்றன. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் சிப்பி ஓடுகள் மண்டிய அடுக்குகளை நேரில் பார்க்கலாம். தூய சுண்ணாம்புக்கல் 100 டன்னில் 44 டன் கரியமில வாயு அடங்கியிருக்கிறது.

இந்தச் சேமிப்பால் ஆக்சிஜன் பிறப்பதில்லை. அது ஒளிச்சேர்க்கையின் வேலை. அங்கும் ஆக்சிஜன் பிரிந்து வருவது தண்ணீரிலிருந்து, கரியமில வாயுவிலிருந்து அல்ல. இதை 1941-இல் ரூபனும் காமனும் கனமான ஆக்சிஜன் அணுக்களைக் கொண்டு காட்டினர். முதலில் இவ்வேலையைச் செய்தவை நீலப்பச்சை நுண்ணுயிர்கள். ஆக்சிஜன் உடனே காற்றில் சேர்ந்துவிடவில்லை. எரிமலை வாயுக்களும் கடல்நீரில் கரைந்திருந்த இரும்பும் அதை விழுங்கின. சேலம் கஞ்சமலையின் பட்டைப் பட்டையான இரும்புப் பாறை, கடலில் அவ்வளவு இரும்பு கரைந்திருந்த பழங்காலத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் காற்றில் ஆக்சிஜன் நிலைத்து நிற்கத் தொடங்கியது.

மரங்கள் ஆக்சிஜன் தருகின்றன என்ற பாடநூல் வாசகம் பாதி உண்மை. இலை உதிர்ந்து மட்கும்போதும் மரம் எரியும்போதும் வெளிவிட்ட ஆக்சிஜன் ஏறக்குறைய முழுவதும் திரும்பச் செலவாகிறது. முதிர்ந்த காட்டின் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம். உயிர்க்கரிமம் மட்காமல் மண்ணுக்குள் புதைந்தால்தான் அதற்கு ஈடான ஆக்சிஜன் காற்றில் மிஞ்சும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை இதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த அந்த அடிமரத்தில், மரப்பொருளின் இடத்தைப் பெரும்பாலும் சிலிக்கா பிடித்துவிட்டது. பொருத்தமான சான்று ஜெயங்கொண்டத்தின் பழுப்பு நிலக்கரி. தோண்டுவதற்காக 1990களில் நிலம் கையகப்படுத்தப்பட்டும் அந்தக் கரி இன்னும் தரைக்கடியிலேயே இருக்கிறது.

கடலடியிலும் இப்படிப் புதைவு நடக்கும். சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்களின் பெரும்பகுதியில் ஆழ்நீர் ஆக்சிஜனின்றித் திணறியது. மட்காத கரிமம் ஏராளமாகச் சேற்றில் படிந்தது. காரை கிராமத்தருகே ஓடைகள் அறுத்த களிமண் மேடுகளின் அடுக்குகள் அந்தக் காலகட்டத்தையும் கடந்து செல்பவை.

இம்மாவட்டங்களின் சிமென்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் உருவான செயலைப் பின்னோக்கி ஓட்டுகின்றன. சுமார் 900 பாகை செல்சியஸில் கல் சிதைந்து, பூட்டியிருந்த வாயு வெளியேறுகிறது. அந்தக் காலச் சுண்ணாம்புக் காளவாயிலும் இதே வேதியியல்தான். ஆனால் சுண்ணாம்புச் சாந்து சுவரில் இறுகும்போது விட்ட வாயுவில் பெரும்பங்கை மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டது. கல் வெளிவிடும் வாயுவுக்காக ஆக்சிஜன் செலவாவதில்லை. உலையில் எரியும் நிலக்கரிக்காகச் செலவாகிறது. உலகம் முழுவதும் எரிபொருள் எரிப்பதால் காற்றின் ஆக்சிஜன் ஆண்டுதோறும் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 4 பங்கு குறைகிறது. இருப்பது 2,09,000 பங்குக்கு மேல் என்பதால் மூச்சுக்கு இடரில்லை. கரியமில வாயுவின் கணக்கு வேறு: மொத்த இருப்பே 420 பங்கு அளவில்தான் என்பதால், அதில் ஆண்டுக்கு இரண்டு பங்கு கூடுவதும் பெரிய மாற்றம்.