நியூ ஆர்லியன்ஸ் சார்ட்டர் பள்ளிகள்: பெற்றோரின் தெரிவும் சுமையும்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், வீட்டுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியில் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிட்டு ஒரு பெற்றோர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அந்நகரின் பொதுப் பள்ளிகளில் ஏறக்குறைய அனைத்துமே சார்ட்டர் பள்ளிகள். அவற்றின் நிறைகுறைகளை எடைபோட்டு, விருப்ப வரிசைப்படி விண்ணப்பிக்கும் பொறுப்பு பெற்றோரையே சார்ந்தது.

சார்ட்டர் பள்ளிகள் அரசுப் பணத்தில் இயங்குபவை. அவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் அவற்றை நிர்வகிப்பவை தனியான அமைப்புகள். ஆசிரியர் நியமனம், பாட நேரம், கற்பிக்கும் முறை ஆகியவற்றில் அவற்றுக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு. அதற்குப் பதிலாக, ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட தேர்ச்சியைக் காட்டத் தவறினால் பள்ளி மூடப்படலாம், அல்லது வேறொரு அமைப்பிடம் கையளிக்கப்படலாம். இத்தகைய பள்ளிகளுக்கான முதலாவது சட்டம் 1991ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலத்தில் இயற்றப்பட்டது.

சூறாவளிக்குப் பின்

2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி தாக்கியதை அடுத்து, நியூ ஆர்லியன்ஸின் பெரும்பாலான பள்ளிகளை லூயிசியானா மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆசிரியர்கள் உட்பட 7,000க்கும் அதிகமான ஊழியர்கள் வேலை இழந்தனர். பள்ளிகள் படிப்படியாக சார்ட்டர் அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 2018இல் மேற்பார்வை அதிகாரம் உள்ளூர்க் கல்விச் சபையிடம் திரும்பியது. நேரடி நிர்வாகத்தில் எஞ்சியிருந்த பள்ளியும் 2019இல் சார்ட்டரானது. எனினும் 2024இல் அச்சபை மீண்டும் ஒரு பள்ளியைத் தானே நடத்தத் தொடங்கியது.

நிறைகள்

இம்மாற்றத்தை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் டுலேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சீர்திருத்தத்தை அடுத்த ஆண்டுகளில் தேர்வு மதிப்பெண்களும், உயர்நிலைப் பள்ளியை முடிப்போர் மற்றும் கல்லூரியில் சேர்வோர் விகிதமும் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்ததாகக் கண்டறிந்தனர். பின்தங்கிய பள்ளிகளை மூடியதும் கைமாற்றியதும் இம்முன்னேற்றத்துக்கு முக்கிய காரணம் என்பது அவர்களது கருத்து.

குறைகள்

ஆனால் அவ்வாறு மூடப்படும் பள்ளியில் படிக்கும் பிள்ளை, தோழர்களையும் ஆசிரியர்களையும் இழந்து வேறு பள்ளி தேட வேண்டியிருக்கிறது. நகரின் மறுகோடியிலுள்ள பள்ளிக்குச் செல்ல, சிறுவர்கள் விடியுமுன்னரே பேருந்து ஏறுவதும் உண்டு.

உடல், மனக் குறைபாடுகள் உள்ள பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்குவதாகவும், சேர்த்தாலும் உரிய உதவி அளிப்பதில்லை என்றும் குற்றம்சாட்டி 2010இல் வழக்குத் தொடரப்பட்டது. 2015இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பள்ளிகள் சுயாதீனக் கண்காணிப்பின் கீழ் கொண்டுவரப்பட்டன.

மேற்பார்வை தளர்ந்தால் என்ன நேரும் என்பதை 2019இல் ஜான் எஃப். கென்னடி உயர்நிலைப் பள்ளி காட்டியது. பட்டமளிப்பு விழா முடிந்த பின்னர், இறுதி வகுப்பு மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தேர்ச்சிக்குரிய தகுதிகளைப் பூர்த்தி செய்திருக்கவில்லை என்று தெரியவந்தது. அப்பள்ளியை நடத்திய அமைப்பு நிர்வாகத்திலிருந்து விலகியது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

லூயிசியானா அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் எழுத்துத் தரம் வழங்குகிறது. ஆனால் பெற்றோரின் கேள்விகள் அனைத்துக்கும் அதில் விடை கிடைப்பதில்லை. ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும், ஆண்டுதோறும் எத்தனை ஆசிரியர்கள் விலகுகின்றனர், ஒழுங்கு நடவடிக்கையால் எத்தனை மாணவர்கள் இடைநிறுத்தப்படுகின்றனர், சிறப்புக் கல்விக்குத் தகுதிபெற்ற ஆசிரியர்கள் உள்ளனரா, நிர்வாகக் குழுவின் கூட்டங்களில் பெற்றோர் பேச முடியுமா என்பனவற்றை அவர்கள் நேரில் கேட்டறிய வேண்டியுள்ளது.

இவ்வாறு விசாரிப்பதற்கு நேரமும், மொழியறிவும், வேலையிலிருந்து விடுப்பும் தேவை. அவை கிடைக்காத பெற்றோருக்கும் நல்ல பள்ளி கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டிய கடமை கல்விச் சபையுடையது. தெரிவு செய்யும் உரிமை பெற்றோரிடம் இருப்பதால் மாத்திரம் அக்கடமை நீங்கிவிடுவதில்லை.