ஓதச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு

நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் கலந்து அரைத்த சாந்தைக் கல் அல்லது செங்கல் சுவரில் பூசுவது சுண்ணாம்புப் பூச்சு. செவ்வாப்பேட்டை, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பழைய காரைவீடுகளைப் பழுதுபார்க்க இன்றும் இதுவே ஏற்றது. சரக்கும் தொலைவில் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரி கிளிஞ்சலுக்குப் பேர்போனது. கிளிஞ்சலைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசில் சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சென்னைச் சாந்தில் வெல்லமும் கடுக்காயும் சேர்க்கும் முறையை ஐசக் பைக் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் 1732இல் விவரித்திருக்கிறார்.

பூச்சு காய்வது வேறு, இறுகுவது வேறு. சாந்திலுள்ள தண்ணீர் போவது காய்வது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாவது இறுகுவது. அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். ஆனால் நுண்துளையெல்லாம் தண்ணீர் நின்றால் வாயு உள்ளே போகாது. அதனால்தான் வெயிலில் சட்டென்று காய்ந்த பூச்சு பொடியாக உதிர்கிறது. ஓதச் சுவரில் பூசியதோ மாதக்கணக்கில் நகம் பட்டாலே கீறுகிறது.

ஓதம் பெரும்பாலும் கடைக்காலிலிருந்து ஏறுவது. ரோட்டின் மேல் ரோடாகப் போட்டுத் தெரு உயர, வீடு பள்ளத்தில் நிற்கும் இடங்களில் கேட்கவே வேண்டாம். கூடவே வரும் உப்பு, ஈரம் ஆவியாகும் இடத்தில் பூத்துப் பூச்சைத் தள்ளும். இதற்குப் பயந்து சிமெண்டு பூசுவதுதான் பெருங்கேடு: வெளியேற வழியில்லாத ஈரம் சிமெண்டு முடியும் இடத்துக்கு மேலே போய்க் கறையாக நிற்கும்.

முதலில் மழைநீர் வடிய வழிசெய்து, பழைய பூச்சைக் கொத்தியெடுத்து, சுவரை ஆறவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தை பிறந்தபின் பூசத் தொடங்கலாம். ஒரே கனமாக அப்பாமல் மெல்லிய படைகளாகப் பூசி, நேர்வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிடுவது நல்லது. ஓதம் விடாத அடிப்பகுதிக்குச் செங்கல் பொடியான சுர்க்கி உதவும். அது சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் இறுகும்.

இறுகியதா என்று பார்க்க, ஓர் ஓரத்தில் பூச்சை உடைத்துப் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியைச் சொட்டுவிடலாம். கல்லாகிவிட்ட மேற்புறம் நிறம் மாறாது. உள்ளே இன்னும் இறுகாத பகுதி இளஞ்சிவப்பாகும். மேலே வெள்ளையடிப்பதும் சுண்ணாம்பாலேயே இருக்கட்டும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் ஈரம் அடைபட்டுக் கொப்புளம் கிளம்பும்.