கப்பல் சுமக்கும் குட்டிக் கப்பல்கள்: காட்டுப்பள்ளியில் இறங்கிய நிர்தேஷக்

இன்னைக்கு வடசென்னைக்குப் போகலாம். ராயபுரம், திருவொற்றியூர் எல்லாம் தாண்டி, எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வடக்கே இருக்கிறது காட்டுப்பள்ளி. அங்குள்ள எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்தில், 2022 மே 26 அன்று ஒரு கடற்படைக் கப்பல் முதல்முறையாகத் தண்ணீரைத் தொட்டது. பெயர் நிர்தேஷக். நீளம் 110 மீட்டர்.

கடற்படைக் கப்பல்னா ஏவுகணைதான் ஞாபகத்துக்கு வரும், இல்லையா? இதோட வேலையே வேற. கடலின் தரையை அளந்து வரைபடம் போடுவது. அதுக்காக நாலு சர்வே படகுகளையும், தண்ணிக்கடியில் போகும் ட்ரோன்களையும் சுமந்துட்டுப் போகுது. அந்த ட்ரோன்களில் ரெண்டு வகை. ஒன்று கேபிளில் கட்டி, கப்பலில் இருந்தபடியே இயக்குவது. இன்னொன்று கேபிளே இல்லாமல், கொடுத்த பாதையில் தானாகவே போய்விட்டுத் திரும்புவது.

சரி, வேலை செய்யறது ட்ரோன். அப்போ கப்பலை வடிவமைக்கறதுல என்ன பெரிய விஷயம்? இதுக்குப் பதில் நம்ம ஊர் வரலாற்றிலேயே இருக்கு.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் கரைக்கு வர மசூலா படகுதான். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அலை அடிச்சா உடையாது, வளைஞ்சு கொடுக்கும். லண்டனிலிருந்து மாசக்கணக்கில் பத்திரமா வந்த ஆளுக்கு, பயணத்தின் ஆபத்தான கட்டம் இங்கேதான். ஆடுகிற கப்பலிலிருந்து ஆடுகிற படகில் இறங்கணும், அப்புறம் அந்தப் படகு அலையைத் தாண்டணும்.

ட்ரோனுக்கும் அதே கண்டம்தான். ஆழத்தில் அலை கிடையாது, அங்கே அது நிம்மதியா நீந்தும். இறக்கும்போதும் தூக்கும்போதும்தான் பிரச்சினை. கப்பல் ஒரு பக்கம் ஆடும், கிரேனில் தொங்கும் ட்ரோன் இன்னொரு பக்கம் ஆடும். ஒரு தடவை கப்பலில் மோதினா, அத்தனை சோனார் கருவிகளும் காலி.

அதனால் இப்படிப்பட்ட கப்பலின் வடிவமைப்பு தூக்கி இறக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறது. கிரேன் எங்கே, தளம் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம், மெதுவாகப் போகும்போது கப்பல் எப்படித் திரும்பும்? நிர்தேஷக்கின் முன்புறமும் பின்புறமும் பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் இருப்பது இதற்காகத்தான்: சர்வே செய்யும்போது குறைந்த வேகத்திலும் கப்பல் சொன்னபடி கேட்கணும்.

இன்னொரு சிக்கல். ஜிபிஎஸ் சிக்னல் தண்ணிக்குள்ள போகாது. கேபிள் இல்லாமல் ஆழத்தில் இருக்கும் ட்ரோனோடு பேச ஒலிதான் முக்கிய வழி. கப்பலின் இன்ஜினே இரைச்சல் போட்டா எதுவும் கேட்காது. ஆக, தாய்க்கப்பல் அமைதியாகவும் இருக்கணும்.

இந்தியக் கடல்களை அளக்க, 1874இல் கல்கத்தாவில் ஒரு தனித் துறை தொடங்கினார்கள். அப்போதைய கருவி, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு. ஒரு தடவை விட்டால் ஒரு புள்ளியின் ஆழம் தெரியும். இரண்டு புள்ளிக்கு நடுவே பாறை இருந்தால்? அது யாருக்கும் தெரியாது. “ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்கிறோமே, கப்பல்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. இன்றைய மல்டிபீம் சோனார் ஒரே வீச்சில் அகலமான ஒரு பட்டையையே அளந்துவிடும். ட்ரோன் அதே சோனாரைத் தரைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோவதால் படம் இன்னும் தெளிவாகிறது.

இந்தத் தெளிவு எதுக்குன்னு கேட்டா, ஒரே ஒரு சம்பவம் போதும். 2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேலே காணாமல் போனது. உள்ளே 29 பேர். கப்பல்களும் விமானங்களும் சல்லடை போட்டுத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழு வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு, சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தன் தானியங்கி ட்ரோனை அங்கே இறக்கியது. 3,400 மீட்டர் ஆழத்தில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில் சிதைவுகள் படத்தில் பதிந்தன. அவை அந்த விமானத்தினுடையவையாகவே இருக்கக்கூடும் என்று 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. 29 குடும்பங்கள் அதுவரை ஒரு பதிலுக்காகக் காத்திருந்தன.

அது கடற்படை ட்ரோன் அல்ல, ஆராய்ச்சி நிறுவனத்தின் ட்ரோன். ஆனா பாடம் ஒன்றுதான்: எவ்வளவு கெட்டிக்கார ட்ரோனாக இருந்தாலும், அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கி, பத்திரமாகத் தூக்க ஒரு கப்பல் வேணும்.

2018இல் ஒப்பந்தமான இந்த வகைக் கப்பல்கள் மொத்தம் நான்கு. ஒப்பந்தம் எடுத்தது கொல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனம். முதல் கப்பல் சந்தாயக் அங்கேயே தண்ணீரில் இறங்கியது. நிர்தேஷக், இக்‌ஷக், சன்ஷோதக் மூன்றும் இறங்கியது நம்ம காட்டுப்பள்ளியில். நிர்தேஷக் 2024 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது.

அடுத்த தடவை எண்ணூர்ப் பக்கம் போனா, வடக்கே தெரியற கிரேன்களைப் பாருங்க. கரைக்கு வர மசூலா படகை நம்பியிருந்த அதே கடற்கரைதான், இன்னைக்குக் கடலடிக்குப் போற படகுகளுக்குத் தாய்க்கப்பல் கட்டித் தருது.