ஐந்து முனை நட்சத்திரம்: புனிதமா, அச்சமா?

நம் பள்ளிவாசல் மினாராக்களின் உச்சியிலும் திருமண அழைப்பிதழ்களின் முகப்பிலும் பிறையோடு ஒரு நட்சத்திரத்தைக் காண்கிறோம். அதன் ஐந்து முனைகளும் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைக் குறிப்பதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோர் பலர். மறுபுறம், அதே வடிவம் ஷைத்தானின் சின்னம் என்ற அச்சமும் இணையத்தின் வழியே குடும்பங்களுக்குள் நுழைந்துள்ளது. இவ்விரண்டு கருத்துகளுக்கும் வரலாற்றில் எந்த அளவுக்கு இடமுண்டு என்பதைக் காண்போம்.

இறுதித் தூதர் (ஸல்) அவர்களுக்கு ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வடிவம் வழக்கில் இருந்தது. எகிப்தின் சக்காராவில் உள்ள உனாஸ் மன்னனின் பிரமிடில், அடக்க அறையின் கூரையெங்கும் ஐந்து முனை நட்சத்திரங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே அது இரவு வானத்தின் சித்திரம். கிரேக்கத்தில் பிதாகரஸின் வழிவந்தோர், கோலை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரையக்கூடிய இந்நட்சத்திரத்தை உடல்நலத்தின் குறியாகவும் தம்மவரை அறியும் அடையாளமாகவும் கொண்டனர். மத்திய கால ஐரோப்பியக் கிறித்தவர்களோ அதில் இயேசுவின் ஐந்து காயங்களைக் கண்டனர்.

இதனைத் தீமையோடு இணைத்தது பிற்காலத்தவரே. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த மறைவித்தை எழுத்தாளர் எலிஃபாஸ் லெவி, ஒரு முனை மேல்நோக்கினால் நன்மை, இரு முனைகள் மேல்நோக்கினால் தீமை என்று வகுத்தார். 1966இல் அமெரிக்காவில் தோன்றிய சாத்தான் சபை, தலைகீழ் வடிவத்தைத் தன் சின்னமாக்கிக் கொண்டது. நம்மை அஞ்சவைக்கும் அந்தப் பொருளுக்கு 200 ஆண்டு வயதுகூட ஆகவில்லை.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். நபி (ஸல்) அவர்களின் கொடிகள் கறுப்பாகவும் வெள்ளையாகவும் இருந்தன என்றே ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. பிறையும் நட்சத்திரமும் பாரசீகத்தின் சாசானிய மன்னர்களுடைய நாணயங்களில் இருந்தவை. அந்நாட்டை வென்ற முஸ்லிம்கள் தொடக்கத்தில் அதே அச்சைப் பயன்படுத்தினர். ஹிஜ்ரி 77இல் கலீஃபா அப்துல் மலிக் வெளியிட்ட தங்க தீனாரிலோ உருவங்கள் யாவும் நீங்கின. ஏகத்துவத்தை உரைக்கும் எழுத்துகளே அவற்றின் இடத்தைப் பெற்றன.

பிறை-நட்சத்திரக் கொடியை உலகறியச் செய்தவர்கள் உஸ்மானியர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களது கொடியில் எட்டு முனை நட்சத்திரம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ஐந்து முனை நிலைபெற்றது. இன்றும் அஜர்பைஜான் கொடியில் எட்டு முனைகளும் மலேசியக் கொடியில் பதினான்கு முனைகளும் உள்ளன. சிங்கப்பூர்க் கொடியிலும் பிறையுடன் ஐந்து நட்சத்திரங்கள் உண்டு. அவை ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் ஆகியவற்றைக் குறிப்பன. ஆகவே ஐந்து கடமைகள் என்பது பின்னாளில் நாம் ஏற்றிச் சொன்ன அழகிய விளக்கமேயன்றி, மார்க்கத்தின் கூற்றன்று.

மொராக்கோவின் செய்தி சற்று வேறானது. வெறும் சிவப்பாக இருந்த அந்நாட்டுக் கொடியைப் பிற கொடிகளிலிருந்து வேறுபடுத்துவதற்காக, 1915 நவம்பர் 17 அன்று சுல்தான் மவ்லாய் யூசுஃப் அதில் பச்சை நிற ஐங்கோண நட்சத்திரத்தைச் சேர்த்தார். அது ‘சுலைமான் நபியின் முத்திரை’ எனப்படுகிறது. இதே பெயரால் ஐந்து முனையும் ஆறு முனையும் கொண்ட நட்சத்திரங்கள் மோதிரங்களிலும் தாயத்துகளிலும் பொறிக்கப்படுவதுண்டு. நாம் விழிப்புடன் இருக்க வேண்டிய இடம் இதுவே. சுலைமான் (அலை) அவர்கள் இறைவனிடம் இறைஞ்சினார்கள். அவன் காற்றையும் ஜின்களையும் வசப்படுத்திக் கொடுத்தான் என்றே குர்ஆன் அறிவிக்கிறது. நட்சத்திரம் பொறித்த மோதிரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

எனவே பிள்ளையின் குறிப்பேட்டில் ஆசிரியர் வரைந்த நட்சத்திரத்தைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. அதுபோலவே, காவல் தரும் என நம்பி வாசலில் அதனைத் தொங்கவிடவும் கூடாது. வானத்து நட்சத்திரங்கள் அலங்காரத்திற்காகவும் வழியறிவதற்காகவும் படைக்கப்பட்டவை என்று குர்ஆன் கூறுகிறது. மின்னிய ஒரு நட்சத்திரம் மறைந்தபோது, அதனை விட்டு அதைப் படைத்தவன்பால் முகம் திருப்பிய இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போமாக. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.